டப்ஸுக்கு அப்பா போட்ட மைனஸ்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கார்னெல் டப்ஸுக்கு மார்க் போட்டது. மார்ச் மாத ஞாயிறு மதியம். அமெரிக்காவில், டொலீடோவில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம். டிவியில் சத்தம் கிடையாது. நடுவே ஊறவைத்த வெள்ளரிக்காய்த் தட்டு.

அப்பா பெயர் ரோலண்ட் குஸ்மிச். பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் பயிற்சியாளர். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் எங்கள் நாட்டு ஃபுட்பால். ஓய்வு பெற்றதும் ஊர் அணி அவரை வேலைக்கு எடுத்தது. ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டும். தான் விரும்பிச் செய்வதற்குச் சம்பளமும் வருகிறதே என்று கடைசிவரை அவருக்கு ஆச்சரியம்.

டப்ஸ் எங்கள் சேஃப்டி. எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசிக் காவல். வயது முப்பத்து நாலு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று திங்கட்கிழமை அப்பா சொல்ல வேண்டும். அனுப்பினால் இந்த வயதில் வேறு அணி எடுக்காது.

"பந்தப் பாக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" அப்பா எறிந்த வெள்ளரித் துண்டு ஒன்று என் தோளில் விழுந்தது. "அவன் காலப் பாரு."

"காலத்தான் பாக்கறேன். மெதுவாத்தான் போகுது."

"பாலம் கட்டற இஞ்சினியரம்மா சொல்லிட்டாங்க. எழுதிக்குவோம்."

திரையில் டிசம்பர் ஆட்டம் வந்தது. டப்ஸின் தலைக்கு மேல் பந்து பறந்து எதிரணிக்கு ஆறு புள்ளி. டப்ஸ் தன் மார்பில் இரண்டு முறை தட்டிக்கொண்டார். தப்பு என்னுது என்று அர்த்தம். அந்த வாரம் ஊரே அவர் கால்களைப் பற்றித்தான் பேசியது. அப்பாவும் அப்போதே மைனஸ் போட்டிருந்தார்.

அந்தப் பந்து கிளம்புவதற்கு முந்தைய நொடிகளுக்கு நான் பதிவைப் பின்னால் ஓட்டினேன். டப்ஸ் இடப்பக்கம் திரும்பி, முஷ்டியைத் தலைக்கவசத்தில் வைத்துக் காட்டுகிறார். நீ பின்னால் தூரமாய்ப் போ, நடுவை நான் பார்க்கிறேன் என்ற சைகை. இடப்பக்கம் நின்ற புது ஆட்டக்காரன் அந்த நேரம் கையுறையைச் சரிசெய்துகொண்டிருக்கிறான்; சைகையைப் பார்க்கவில்லை.

"அப்பா, இது டப்ஸ் தப்பே இல்ல."

அவர் எழுந்து திரைக்கு அருகே போனார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

"பொய் சொல்லியிருக்கான் பாரு. மாருல அடிச்சு, எம்பதாயிரம் பேரு முன்னால பொய். நானும் நம்பிட்டேன்."

மைனஸை அடித்துப் பிளஸ் போட்டார். திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை. அணி மேலாளர் ஹாலரனை உடனே ஃபோனில் பிடித்தார்.

"கால் போச்சுய்யா அவனுக்கு," என்றார் ஹாலரன்.

"கொஞ்சம் போச்சு. இல்லேன்னு சொல்லல. அதனால ஒரு வருஷந்தான் கேக்கறேன். நாப்பது லட்சம் டாலர்."

"யோவ், அவனுக்கு வயசாச்சு."

"உனக்கும்தான் ஆச்சு. உன்ன யாரு தூக்கினா?"

"நான் ஓடறதில்லையே."

"அவனும் ரொம்ப ஓடறதில்ல. பந்து வர்ற எடத்துக்கு முன்கூட்டியே போய் நிக்கறான். அந்தப் புதுப் பயலுக்கு யாராச்சும் கத்துக் குடுக்க வேணாமா? பதிவ அனுப்பறேன். பந்தப் பாக்காம பாரு."

ஹாலரன் பார்த்தார். முப்பத்தைந்து லட்சத்துக்குப் பேரம் பேசினார். புதன்கிழமை டப்ஸ் கையெழுத்துப் போட்டார். அப்பா எனக்கு ஃபோன் செய்து, "உன் பிளஸ் செல்லுபடியாயிடுச்சு, ஐரீன்," என்றார்.

மார்க் போடுகிற ஆட்டக்காரனோடு அவர் பேசுவதில்லை. கை கொடுத்துவிட்டால் அப்புறம் மைனஸ் போட வராது என்பார். டப்ஸ் இந்த அணிக்காக ஆடிய ஆண்டுகளிலெல்லாம் நடைபாதையில் தலையசைத்ததோடு சரி.

"இதுக்கு மேல நான் அவனுக்கு மார்க் போடப் போறதில்ல. அடுத்த வருஷம் வேற யாராச்சும் போடட்டும்," என்றார். "சனிக்கிழமை உடல் பரிசோதனைக்கு வர்றானாம். நேராப் போய்க் கை குடுக்கப் போறேன். அந்தப் பயலக் காப்பாத்தணும்னு முன்னாலயே நெனச்சானா, இல்ல கை தானா மாருக்குப் போச்சான்னு கேக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் இதயம் நின்றது.

டப்ஸிடம் அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.