ஹர்த்தால் நாளில் நின்ற வாந்தி

வண்டன்மேட்டில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் சுடலைமணியிடம் வயிற்றுவலி, தலைவலி, கை நடுக்கம் என்று இளவட்டங்கள் வந்தால், சுக்கும் நிலவேம்பும் தட்டிப்போட்ட கஷாயத்தைக் கொடுத்துவிட்டு, கூட வந்த பெற்றோரைத் தனியே கூப்பிடுவார். "மருந்து பாதி வேலதான் பாக்கும். பிள்ளைக்கு உள்ளுக்குள்ள என்ன பயம்னு ஒக்காந்து கேளுங்க" என்பார். தாடி இருந்திருந்தால் அந்த நேரத்தில் தடவியிருப்பார். ஏலத்தோட்டத்திலிருந்தெல்லாம் அந்தப் பேச்சுக்காகவே ஆட்கள் வந்தார்கள்.

அப்படிப்பட்ட மேதையின் வீட்டில் (மேதை என்பது இப்போது அவரே தன்னைக் கிண்டலடித்து வைத்துக்கொண்ட பெயர்) மகள் இந்து, கட்டப்பனைக்கு நீட் கோச்சிங் போக வேன் ஏறும் முன் காலைதோறும் வாந்தி எடுத்தாள். பெண் துரும்பாக இளைத்துவிட்டாள். பயந்துபோன சுடலைமணி கஷாயத்தில் கசப்பைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார். கேட்கத்தான் மறந்தார். மறந்தார் என்பதும் அவர் சொல்லிக்கொண்டதுதான். கடைப் பலகையில் தன் பெயருக்குக் கீழே 'டாக்டர் இந்து' என்று எழுத இடம் விட்டுவைத்த மனிதருக்கு, கேட்டால் என்ன பதில் வருமென்று தெரியாதா?

ஒரு நாள் ஹர்த்தால். வண்டி ஓடவில்லை. இந்து மொறுமொறுவென்று தோசை கேட்டு வாங்கித் தின்றாள். வாந்தி இல்லை. சுடலைமணி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மனைவி வேலுத்தாயிடம், "நேத்து காய்ச்சின கஷாயம் கேட்டுருச்சு, பாத்தியா" என்றார்.

"அத அவ குடிக்கவேயில்ல. அடுப்படியில அப்பிடியே இருக்கு. ஊருக்கெல்லாம் சொல்லுதீகளே, ஒங்க மகட்ட கேட்டீகளா?"

சுடலைமணி தூக்கிய காலரை இறக்கிவிட்டார். மகள் எதிரே போய் உட்கார்ந்தார். ஊராருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வியை முதல்முறையாகத் தானே கேட்டார்.

"ஏட்டி, ஒனக்கு என்ன பயம்?"

"வேன் ஹாரன் கேட்டாலே பொரட்டுதுப்பா. எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம். சொன்னா நீங்க ஒடஞ்சிருவீங்கன்னுதான் சொல்லல."

"சரி, வேண்டாம்."

மகளின் முகம் தெளிந்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் பலகையில் விட்டுவைத்த இடம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

இந்து அந்தக் கஷாயத்தைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"குடிங்கப்பா. உள்ளுக்குள்ள என்னன்னு பொறவு கேக்கேன்."

ஒரு மடக்கு குடித்தார். இத்தனை கசப்பையா பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று இருந்தது.