கீற்றணிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை அன்று எங்கள் அம்மா எதையும் விட்டுவைக்க மாட்டாள். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, கேஸ் அடுப்பு, ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அசந்து உட்கார்ந்திருந்தால் அப்பாவுக்கும் வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் சித்தி எங்கள் விளாங்குடி வீட்டில் தங்கி, நாகமலை புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். பூஜை விடுமுறைக்குப் பேராசிரியரிடம் கெஞ்சி ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லை வாங்கி வந்திருந்தாள். கீற்றணி என்று அதற்குப் பெயர். அவளுடைய ப்ராஜெக்ட் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது.

மதியம் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் வரும் வெயிலுக்கு நேரே அதைப் பிடிப்பாள். சுவரின் நடுவில் வெள்ளைக் கோடு விழும். அதன் இரு பக்கமும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கும். நான் எழுந்து போய் உள்ளங்கையில் பச்சையை ஏந்திக்கொள்வேன். கனமே இல்லாமல் ஏதோ ஒன்று கையில் இருப்பது போலத் தோன்றும். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

“இதுல கண்ணுக்குத் தெரியாத கோடு அம்புட்டு இருக்கு பாப்பா. அந்தக் கோட்டுக்கு நடுவுல இருக்க இடுக்கு வழியா வர்ற வெளிச்சமெல்லாம் அந்தப் பக்கம் ஒண்ணு சேருது. ஒவ்வொரு நிறமும் சேர்ற திசை வேற. சிவப்போட அலை ரொம்ப நீளமானது, அதான் தள்ளிப் போயி விழுது. ஊதா கிட்டக்கயே நின்னுக்கிருது,” என்பாள் சித்தி. தொட மட்டும் விடமாட்டாள்.

பூஜையன்று அவள் குளிக்கப் போயிருந்தபோது, அம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, நடுவில் தாராளமாகச் சந்தனம் அப்பி, புத்தகங்களின் மேல் வைத்துவிட்டாள். படிக்கிற பிள்ளையின் ஆயுதம் ஆயிற்றே.

திரும்பி வந்த சித்தி அப்படியே நின்றாள். பிறகு கை நீட்டினாள்.

“நாளைக்குக் காலையிலதான்டி எடுக்கணும். பாரு, இந்த வருசம் நீதான் பர்ஸ்ட்டு,” என்றாள் அம்மா, முகமெல்லாம் பூரிப்பாக.

சித்தி கையை இழுத்துக்கொண்டாள். “சரிக்கா” என்றாள்.

மறுநாள் காலை, காய்ந்த சந்தனத்தின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். சந்தனத்தோடு கோடுகள் இருந்த மெல்லிய படலமும் உரிந்து வந்தது. வெயிலில் பிடித்தாள். சுவரில் வெள்ளை மட்டும் விழுந்தது. ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு. கறை போயிற்றா என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். போய்விட்டது, பளிச்சென்று இருக்கிறது என்றாள் சித்தி.

பிறகு என்னைக் கூப்பிட்டு, “இனி இது உனக்குத்தான், வச்சுக்க,” என்று என் கையில் கொடுத்தாள்.

தொடவே விடாததை எனக்கே எனக்கென்று கொடுத்துவிட்டாளே! தாவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கன்னம் ஈரமாக இருந்தது. கழுவும்போது தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்து, என் பாவாடையால் துடைத்துவிட்டேன்.