முதல் பாரி

எங்கள் ஊரில் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போவார்கள். அந்த வரிசையில் முதலில் போவது எங்கள் வீட்டுப் பாரி. வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால், கல்யாணமான வருஷத்திலிருந்து அதைத் தலையில் வைத்தவள் நான். திருச்சுழிக்குப் பக்கத்தில் வானம் பார்த்த கரிசல் பூமி. பங்குனி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கொப்புளித்துவிடும். ஆனாலும் தெருவே வாசலில் நின்று முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான் என்கிற நினைப்பு இருந்ததே, அதுக்காக இன்னும் இரண்டு தெரு சேர்த்து நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பேன்.

அருப்புக்கோட்டை நூல் மில்லில் இருந்த என் வீட்டுக்காரருக்கு மொரீஷியஸ் தீவில் ஒரு துணி ஆலையில் சூப்பர்வைசர் வேலை வந்தது. கடற்கரையை ஒட்டின ஒரு சின்ன டவுனில் வீடும் கொடுத்தார்கள். நானும் கூடப் போனேன். நாங்கள் போன அந்த வருஷப் பங்குனியிலேயே என் கொழுந்தன் பொண்டாட்டியிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. தலையில் முதல் பாரி. உடம்பில், நான் பீரோவில் மடித்து வைத்துவிட்டு வந்த அரக்குக் கலர் சேலை. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு: “அக்கா, ஒங்க எடத்துல நான் எடுத்துட்டேன், கோவிச்சுக்கிராதீக.”

கோவித்துக்கொண்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. “சேல தானே, ஊருக்குப் போயித் தொவச்சு வச்சுக்க வேண்டியதுதான்” என்றார் வீட்டுக்காரர். சேலையைப் பற்றித்தான் நான் வயிறெரிகிறேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அந்தத் தீவு வெயில் எனக்குப் பிடிபடவே இல்லை. வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயில் என்ன பெரிசு என்று கேட்பார்கள். எங்கள் வெயில் அடித்தால் வேர்வை அதுவாகக் காய்ந்து சட்டையில் உப்பு வெள்ளையாக நிற்கும். இங்கே வேர்வை காய்வதே கிடையாது. குளித்துவிட்டு வந்து துவட்டுகிறபோதே மறுபடி நனைந்து நிற்பேன். பொரித்த அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் நமத்துவிடும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். ஊர் ஞாபகத்தில் பால்கனியில் கூழ் வத்தல் போட்டேன். அது காயாமல் பூசணம் பூத்தது. கடல் என்றால் எனக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு முங்குகிற இடம், அவ்வளவுதான். இங்கே வெள்ளைக்காரர்கள் வேலை வெட்டி இல்லாமல் மணலில் படுத்து வெயிலை வாங்கிக் கொண்டிருந்தார்கள். கேட்டிருந்தால் எங்கள் காட்டுக்கே அனுப்பி வைத்திருப்பேன்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, கடற்கரை ரோட்டில் இருந்த மாரியம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே பெண்கள் சேர்ந்து ஒரு சேவைக் குழு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கோயிலைக் கழுவிக் கோலம் போடுவது, மாலை கட்டுவது, ஏழு வகைக் காய்கறி சமைத்து வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவது, பாட்டுப் பாடுவது. எல்லாரும் தமிழ் வம்சம். ஆனால் பாட்டன் காலத்திலேயே இங்கே கரும்பு வெட்ட வந்த குடும்பங்கள். வீட்டில் பேசுவது கிரியோல் என்கிற, பிரெஞ்சு கலந்த அந்த ஊர்ப் பாஷை. ‘வணக்கம்’, ‘சரி’, ‘அக்கா’, ‘முன்னாடி’, ‘பின்னாடி’ என்று பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தை தெரியும். நமக்கு இங்கே ராஜ மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்தேன். தமிழ்நாட்டிலிருந்து, அதுவும் மாரியம்மனுக்கே சொந்தமான சீமையிலிருந்து வந்தவள் அல்லவா!

மரியாதை கொடுத்தார்கள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் நல்ல நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

குழுவுக்குத் தலைவி ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூத்தவள், ஆனால் என்னை ‘அக்கா’ என்பாள். அதுவே எனக்கு எரிச்சல். அவள் அம்மன் பாட்டுகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவாள். அர்த்தம் ஒரு வரிக்கும் தெரியாது. ஆனால் அவள் பாட ஆரம்பித்தால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். எனக்கு எல்லா அர்த்தமும் தெரியும். நான் ஒரு வெள்ளிக்கிழமை பாடினேன். பூசாரி மணியை எடுத்து வைத்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார். அவள் தொடுத்த மாலைதான் அம்மன் கழுத்துக்கு, நான் தொடுத்தது வாசல் நிலைக்கு. அவள் வைத்த பருப்புதான் முதலில் தீரும். அவள் என்னிடம் ஒரு நாளாவது முகம் சுளித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுளிக்க மாட்டாள். பார்க்கிறபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமார் டமார் என்று கழுவுவேன்.

கோயில் திருவிழா தை மாதத்தில் வந்தது. அதற்கு முன்னால் கூடிப் பேசினபோது நான் என் கையில் இருந்த சீட்டை இறக்கினேன். “எங்க ஊர்ல மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம். இங்க அது இல்லாம எப்படி?” என்று பூசாரியிடம் சொன்னேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நான் சொல்லச் சொல்ல அவர்களுக்குக் கிரியோலில் சொன்னார். நவதானியத்தை ஊறவைத்து, எருவும் மண்ணும் வைக்கோலும் போட்ட சட்டியில் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் மூடி வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். வளர்ந்த பயிரைச் சட்டியோடு தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் விட வேண்டும். அத்தனை பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்றைக்கு ஒருத்தியும் என்னை வெங்காயம் உரிக்கச் சொல்லவில்லை.

முதல் வருஷம் என்பதால் இரண்டு பேர் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. நான் ஒன்று, தலைவி ஒன்று. “யார் முன்னாடி போறது?” என்று பூசாரி கேட்டார். அந்தக் கோயிலில் எதிலும் அவள்தான் முன்னாடி. நான் யோசிக்கவே இல்லை. “யாருது நல்லா வளந்திருக்கோ அவுகதான் முன்னாடி. எங்க ஊர்ல அதுதான் வழக்கம்” என்றேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையவே கிடையாது. ஆனால் பாரி போட்டுப் பழகினவள் நான். அவள் அந்த வார்த்தையையே அன்றைக்குத்தான் கேட்கிறாள். அவள் தலையாட்டிச் சிரித்தாள்.

ஸ்டோர் ரூமில் வைத்தேன். ஊரில் செய்கிற மாதிரியே ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்து, சட்டியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். எங்கள் ஊரில் காற்று அடிக்கிற அடியில் ஈரமே நிற்காது. அதனால் காலையும் மாலையும் கை தாராளமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதையும் செய்தேன். முளை விட்டதும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன், பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சாயங்காலம் சாக்கைத் தூக்கினால் குப்பென்று ஒரு நாற்றம். நடுவில் இருந்த பயிரெல்லாம் அழுகிச் சாய்ந்து சாம்பல் நிறத்தில் பூசணம். ஓரத்தில் நின்றது மட்டும் விரல் நீளத்துக்கு நோஞ்சானாக இருந்தது. அந்த ஊரில் காற்றே ஈரம் என்பது வத்தல் போட்டபோதே தெரிந்த சங்கதி. அந்த நேரத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் பக்கம் ஒருத்தி பாரி அழுகினால் அவள் மனசு சுத்தமில்லை என்று பேசிக்கொள்வார்கள். நல்லவேளை, இதை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் இரண்டு சட்டியையும் கோயிலில் கொண்டுவந்து வைத்தோம். நான் அழுகினதைச் சுரண்டி எடுத்துவிட்டு நடுவில் செவ்வந்திப் பூவை நிரப்பியிருந்தேன். தலைவி தன் சட்டியின் துணியை விலக்கினாள். ஒரு முழத்துக்கு வளர்ந்து, வெளிறின மஞ்சளில், ஒன்றோடொன்று நெருக்கி நின்றது பயிர். என் வாழ்நாளில் நான்கூட அப்படி ஒரு பாரி எடுத்ததில்லை. எங்கே வைத்தாள் என்று பூசாரியை விட்டுக் கேட்டேன். கடலைப் பார்த்த துணி துவைக்கிற அறையில், ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு, கண்ணாடியைத் திறந்தே வைத்தாளாம். அடைக்கத் தெரியாமல் திறந்து வைத்திருக்கிறாள்!

பூசாரி என் சட்டியைப் பார்த்தார், அவளுடையதைப் பார்த்தார். “அப்ப நாளைக்கு அவங்க முன்னாடி, நீங்க பின்னாடி. நீங்க சொன்ன வழக்கப்படியே” என்றார். பெண்களெல்லாம் அவள் சட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். போகிற வழியில் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்: “நீ கொண்டாந்த வழக்கந்தானே, யாரு முன்னாடி போனா என்ன?”

“ஒங்களுக்கு என்ன தெரியும். பேசாம வாங்க” என்றேன். அங்கே ஒருத்தி என் சேலையைக் கட்டிக்கொண்டு என் இடத்தில் நடந்தாள். இங்கே ஒருத்தி என் பாரியையே என்னைவிட நன்றாக வளர்த்துவிட்டாள். நான் எங்கே போய் நிற்பது?

காலையில் வயிற்று வலி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். போகாவிட்டால் அவளுக்கு இன்னும் வசதி என்று தோன்றியதால் போனேன். கோயிலில் கூட்டம் நின்றது. அவள் சட்டியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. முழ உயரப் பயிர் முழுவதும் விரல் நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. வெட்டின நுனியில் ஈரம்கூடக் காயவில்லை. கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாள். பாரியில் இரும்பு படலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

அவள் என் கையைப் பிடித்தாள். “அக்கா முன்னாடி. சரி?” என்றாள். பிறகு பூசாரியிடம் கிரியோலில் என்னவோ சொன்னாள். “ரெண்டும் ஒரே உயரம் ஆயிடுச்சு, அதனால இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவங்கதான் முன்னாடி போகணும்னு சொல்றாங்க” என்றார் பூசாரி. சுற்றி நின்றவர்களில் ஒன்றிரண்டு பேர் அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மனசு குளிர்ந்தது என்று சொன்னால் பொய். உடம்பெல்லாம் எரிந்தது. முதல் இடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, நல்ல பேரையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாளே! வேண்டாம் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். சும்மாட்டை வைத்து, நோஞ்சான் பாரியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கடற்கரை ரோடு தார் ரோடு. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று. பாதம் பொசுங்கப் பொசுங்க நடந்தேன், அவள் எனக்குப் பின்னால் பாடிக்கொண்டே வந்தாள். தண்ணீரில் விடுவதற்கு முன்னால் மணலில் நின்றபோது, “ஊருக்கு வீடியோ கால் போடுங்க” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொழுந்தன் பொண்டாட்டி பார்க்க வேண்டும். அதற்காகத்தானே இத்தனை பாடும்.

அவள் முகம் திரையில் வந்தது. “ஆத்தி, அக்கா! அங்கயும் நீங்கதான் மொதலா?” என்றாள். அவள் முகம் கொஞ்சம் சுண்டியதை நான் கண்ணால் பார்த்தேன். நன்றாக இருந்தது.

“பின்ன?” என்றேன்.

“பாரி ஏங்க்கா இப்படிச் சவலையா இருக்கு?”

“கடக்காத்துடி. இங்க இப்படித்தான் வரும்.”

அவள் திரைக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுவந்தாள். காட்டு வேலை செய்கிறவள், பயிரைப் பார்த்தால் தெரியும். “பின்னாடி நிக்கிறாகளே, அவுக பாரி தானா நின்ன மாதிரி இல்லையே. யாரோ அறுத்தாப்புல இருக்கு?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். என்னவோ, வரவில்லை. “அவளேதான் அறுத்துக்கிட்டா” என்றேன். “ஒரு மொழம் வளந்திருந்துச்சு. நான் முன்னாடி போகணும்னு அறுத்துட்டா.”

திரையில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானா இருந்தா அறுத்திருக்க மாட்டேங்க்கா” என்றாள்.

“நானுந்தாண்டி” என்றேன்.