ஓர் ஆயில் சீலுக்காக ஜெபித்த ஞாயிறு

அன்பான சபையாரே, 2005 நவம்பர் மழை உங்களுக்கு மறந்திருக்காது. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி ஓர் ஏரி நிரம்பி, செங்கல்பட்டுச் சாலையின் குறுக்கே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடியது. பஸ்கள் இந்தப் பக்கமே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பின. துணிந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டி நடந்து கடந்து, அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். ஆட்டோக்கள் பாதியில் நின்றுபோயின.

என் மச்சான் டேனியலின் உயிர் அந்தப் பக்கம் இருந்தது.

டேனியல் என் மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். திங்களும் வியாழனும் செங்கல்பட்டில் டயாலிசிஸ். கால் இரண்டும் வீங்கியிருந்ததால் நடந்து தண்ணீரைக் கடக்க அவரால் முடியாது. மழையைக் காரணம் காட்டி ஒரு முறைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களிடம் ஒரு ஜீப் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் பழைய வண்டி. ஏலத்தில் எடுத்தேன். பாலைவனம் கடந்தவர்களின் பயணக் கதைகளை அளவுக்கு மீறிப் படித்ததன் விளைவு அது. "இந்த ஊர்ல கலங்கரை விளக்கத்துக்கா ஏறப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். அந்த நவம்பரில்தான் அவளுக்கு என்னிடம் பதில் கிடைத்தது. அந்தத் தண்ணீரை எங்கள் ஜீப் மட்டும் கடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கடைத்தெருவில், ஜீப் போகாமல் நின்றது. என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. அலுவலகத்தில் நான் வேலை செய்வதும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் நோய் எனக்கு உடனே புரிந்தது. கிளட்ச். கருகிய வாடை வந்தது. குனிந்து பார்த்தால், என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்திலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் போய், எண்ணெய் கசிந்து, மூன்று மாதத்துக்கு முன் போட்ட புதுக் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிட்டது. நான்கு பேர் தள்ளி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வாசலில் உட்கார்ந்திருந்த டேனியல் சொன்னார்: "இன்னா மாப்ள, அதுக்கும் வாரம் ரெண்டு வாட்டி டயாலிசிஸ் பண்ணணும் போல கீதே." அவர் சிரித்தார். உள்ளே என் மனைவி அழுதுகொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

நீங்கள் கேட்பீர்கள், நம் சபையிலேயே தாவீது என்று ஒரு மெக்கானிக் இருக்கிறாரே, அவரிடம் போவதுதானே என்று. போக முடியாததற்கு இரண்டு காரணங்கள். இரண்டும் நான் செய்தவை.

ஒன்று: ஆகஸ்டில் அந்தப் பிளேட்டை மாற்றியவர் தாவீதுதான். "அண்ணாத்த, இவ்ளோ கஷ்டப்பட்டு கியர் பெட்டிய எறக்கிட்டோம். கையோட சீலையும் மாத்திடலாம்," என்றார். என்னிடம் ஒரு பழுதுபார்ப்புப் புத்தகம் இருந்தது. கசிவு தெரிந்தால் மாற்றினால் போதும் என்று அதில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புக்கு எழுதுனவரு இந்த வண்டிய பாத்துகீறாரா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இரண்டு: செப்டம்பரில் சபையின் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஓய்வு நாளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். ஞாயிறன்று ஸ்பேனரைத் தொடுவதும் தகாது என்று உதாரணம் வேறு சொன்னேன். அடுத்த வாரமே தாவீது பட்டறையில் 'ஞாயிறு விடுமுறை' என்று பலகை மாட்டினார். என் வாழ்நாளில் என் பேச்சைக் கேட்டு ஒருவர் நடந்துகொண்டது அந்த ஒரு முறைதான். அந்தப் பலகையைக் கழற்றச் சொல்ல எந்த முகத்தோடு போவேன்?

ஆகவே ஜெபித்தேன். அந்த ஜெபத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எந்தப் பாகம் பழுது, எந்தக் கடையில் என்ன வாங்க வேண்டும், யாரிடம் போகாமல் காரியம் முடிய வேண்டும் என்று ஆண்டவருக்கு விவரமாக எடுத்துச் சொன்னேன். ஆமென் மட்டும்தான் பணிவாக இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் பஸ் ஏறி, தண்ணீரில் நடந்து, செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய் வெள்ளிக்கிழமைதான் கடை அடைப்பார், ஞாயிறு திறந்திருக்கும். பிளேட்டை எடுத்துக் கொடுத்தார்.

"சீல்?"

"சீல் இல்லியே சார். மெட்ராஸ்லேர்ந்து வரணும். நாளைக்கு சாயங்காலம் ஆவும்."

நாளை காலை ஏழு மணிக்கு டேனியல் டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். சீல் இல்லாமல் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் எண்ணெயில் குளிக்கும். திரும்பி வரும்போது அந்தத் தண்ணீரின் நடுவில் பிளேட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியல," என்றேன். அவ்வளவுதான் ஜெபம்.

நேராக ஆராதனைக்கு வந்தேன். முழங்கால்வரை சேறு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். விண்ணப்பங்கள் சொல்லும் நேரத்தில் எழுந்து, "ஒரு ஆயில் சீலுக்காக ஜெபிச்சுக்குங்க," என்றேன். யாரோ இருமினார்கள். விஷயம் முழுவதையும் சொன்னேன், புத்தகம் படித்துக் காட்டியது உட்பட.

மூன்றாவது வரிசையில் இருந்து தாவீது திரும்பினார். "அது நம்ம பட்டறையில ஆணில தொங்கினு கீது அண்ணாத்த."

"எது?"

"உங்க சீலு. ஆகஸ்ட்லேர்ந்து. நீங்க வேணாம்பீங்கன்னு தெரியாம வாங்கியாந்துட்டேன். திருப்பித் தர மனசு வர்ல. எப்டியும் வருவீங்கன்னு பேர் எழுதி மாட்டி வெச்சேன்."

ஜெபிக்கத் தொடங்கியது சனிக்கிழமை. பதில் மூன்று மாதமாக ஆணியில் தொங்கியிருக்கிறது.

"ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்றேன்.

போதகர் சொன்னார்: "உங்க பேச்ச நாங்க எல்லாம் எப்பவோ மறந்துட்டோம். நீங்களும் மறந்துட்டா தாவீது போய் சாமான் எடுத்துட்டு வருவாரு."

ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒன்பது பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். இந்த வண்டியில் கியர்பாக்ஸோடு, இழுவையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்றும் சேர்ந்தே இறங்கும். தாவீது அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தரையில் அதே வரிசையில் அடுக்கினார். போதகர் உட்பட நான்கு பேர் மல்லாந்து படுத்து அந்த எடையை நெஞ்சுக்கு மேல் தாங்கி இறக்கினார்கள்.

தாவீது வேலை செய்வதை அதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய சீல் காய்ந்த வடை போல இறுகியிருந்தது. புதியதன் உள்விளிம்பில் விரல் நுனியால் எண்ணெய் தடவி, ஒரு குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றிச் சின்னத் தட்டாகத் தட்டி உட்கார வைத்தார். ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. பிளேட் நடுவில் நிற்க வேண்டுமே என்று, ஒரு சவுக்குக் கம்பைச் செதுக்கி அச்சாகச் செருகினார். அந்தக் கம்பைப் பற்றி என் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

பிளேட்டில் எண்ணெய்க் கை படக் கூடாது. தாவீது சுற்றிப் பார்த்தார். எல்லோர் கையும் கறுப்பு.

"சுத்தமான கை யாருக்கு கீது?"

எனக்கு மட்டும்தான். மூன்று மணி நேரத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை. பிளேட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். "அண்ணாத்த இல்லாங்காட்டி வேல ஆயிருக்காது," என்றார் தாவீது. வாசலில் டேனியல் சிரித்த சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

இருட்டும் முன் வண்டி கிளம்பியது. தாவீது கூலி வாங்கிக்கொண்டார். ஞாயிறுக்கென்று கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திங்கள் காலை தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. நான்கு சக்கர இழுவையைப் போட்டு மெல்ல இறங்கினேன். கிளட்ச் வழுக்கவில்லை. நடுவில் டேனியல், கண்டக்டராக இருந்த பழக்கத்தில் கதவைத் தட்டி, "போலாம், ரைட்," என்றார். மறுகரை ஏறியபோது மணி ஆறே முக்கால்.

அதன்பின் மூன்று வருடம் அவர் எங்களோடு இருந்தார். தன் மகள் திருமணத்தில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அந்தத் திங்கள் தவறியிருந்தால் அது நடந்திருக்காது. அந்த மழையில் வண்டி ஓட்டி அவரைக் காப்பாற்றியதாக அந்தக் கல்யாணத்தில் எனக்கு நன்றி சொன்னார்கள். நான் தாவீதைக் கைகாட்டினேன். அவர் அப்போது பந்தியில் மும்முரமாக இருந்தார்.

இப்போதெல்லாம் ஆண்டவருக்கு நான் வழி சொல்வதில்லை. தேவையைச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, யாரிடம் போக வெட்கமாக இருக்கிறதோ அவரிடம் முதலில் போகிறேன். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கிறது. உங்களில் யாராவது இன்று தண்ணீரின் நடுவில் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தால், அப்படியே தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஆண்டவருக்கு அது போதும். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததைக்கூட, உங்கள் பெயரை எழுதி எங்கேயோ ஓர் ஆணியில் அவர் மாட்டி வைத்திருப்பார்.