வராத படகுக்கு வந்த செய்தி

ராயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காசிமேட்டு விசைப்படகுக்காரர்களின் சங்கம் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே கிளார்க்காக இருந்த தாஸ்.

"யம்மா, மெசின்ல இன்னாமோ பூந்துகினு கீது. முழுகிப்போன படகு கரைக்கு வந்துச்சுன்னு மெசேஜ் அனுப்புது. சீக்கிரம் வா."

அந்த அலுவலகத்தில் இருந்தது ஒரு சின்ன பைத்தான் புரோகிராம். துறைக்குள் நுழையும் படகின் பெயரை தாஸ் டைப் செய்தால், மோடம் வழியாக அந்தக் குடும்பத்தின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். அப்போது போனில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில்தான் 'VANDHACHU' என்று போகும். அந்தப் புரோகிராமை எழுதியவர் துபாய்க்குப் போய்விட்டார்.

புயலில் காணாமல் போனது 'ஜோதி' என்ற படகு. சொந்தக்காரர் ஏகாம்பரமே அதை ஓட்டிப் போயிருந்தார். புயல் ஓய்ந்தபின் தேடியவர்களுக்கு ஒரு டீசல் கேன் மட்டும் கிடைத்தது. ஆனால் அவர் மனைவி தேசம்மாவின் போனுக்குச் செய்தி வருவது நிற்கவில்லை. JOTHI VANDHACHU. சில வாரம் இரண்டு தடவை, சில வாரம் தினமும். ஒவ்வொரு முறையும் துறைக்கு ஓடி வருவாராம். காரியம் செய்ய ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் கணவரின் தட்டில் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

நான் போனபோது தேசம்மா அலுவலக பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் போன்.

தாஸ் ஜன்னல் வழியாகக் காட்டினார். "தோ, ஜோதி நிக்கிற எடம். இப்போ எவனும் அங்க படகு கட்றதில்ல. மெசேஜ் வர்ற நேரத்துல இஞ்சின் சத்தம் கேக்குதுன்றானுங்க."

நான் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் வெளியே யாரோ குரல் கொடுக்க, தாஸ் கீபோர்டில் எதையோ தட்டிவிட்டு வந்தார். மோடத்தின் விளக்கு மினுக்கியது. தேசம்மாவின் மடியில் போன் கத்தியது.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. என்னிடம் நீட்டினார். JOTHI VANDHACHU.

பட்டப்பகல். வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலச் சத்தம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே அந்தக் காலி இடத்தில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது, ஏதோ ஒன்று இப்போதுதான் வந்து நின்றதுபோல. எங்கோ ஒரு இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இப்போ இன்னா டைப் பண்ணீங்க?"

"சத்தியமா ஜோதி இல்லம்மா. அருட்ஜோதி. அந்தாண்ட வந்துகினு கீது பாரு."

திரையில் ARUTJOTHI என்று இருந்தது. நான் புரோகிராமைத் திறந்தேன். படகுப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் இடத்தில் இந்த வரி இருந்தது:

if padagu in vandhadhu:

padagu என்பது பட்டியலில் உள்ள பெயர், vandhadhu என்பது தாஸ் அடித்த பெயர். பைத்தானில் ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் வரிசை. in என்று கேட்டால், இந்த எழுத்துகள் அந்த வரிசைக்குள் எங்காவது சேர்ந்தாற்போல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். ARUTJOTHI-க்குள் JOTHI இருக்கிறது. ஆகவே அருட்ஜோதி கரைக்கு வரும்போதெல்லாம் ஜோதியும் வந்தது.

"முன்னாடி ஏன் இப்பிடி வர்ல?" என்றார் தாஸ்.

"அருட்ஜோதி எப்பருந்து கடலுக்குப் போகுது?"

அவர் முகம் மாறியது. அது பல மாதம் ரிப்பேருக்காகக் கரையில் ஏற்றி வைத்திருந்த படகாம். ஜோதியைத் தேடிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் கடலில் இறக்கி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அவர் என் காதருகே குனிந்தார். "அன்னிக்கி இவங்களுக்கு வந்த மெசேஜப் பாத்துட்டுதான் சங்கத் தலைவரு, தேடப் போனவங்கள வயர்லெஸ்ல திரும்பக் கூப்ட்டாரு. பொய்யின்னு தெரிஞ்சு மறுபடி போறதுக்குள்ள இருட்டிப்போச்சும்மா."

தேசம்மாவுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

"அவங்க நம்பர மட்டும் எடுத்துடேன்," என்றார் தாஸ்.

"பட்டியல்ல ராணி கீது, மகாராணியும் கீது. நாளைக்கு ராணி காணாமப் போனா?"



in-ஐ எடுத்துவிட்டு == போட்டேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்றா என்று கேட்பது அது. போட்டதும் எந்தப் படகுக்குமே செய்தி போகவில்லை. பார்த்தால், தாஸ் பெயரை அடித்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிற பழக்கமுள்ளவர். நம் கண்ணுக்கு அது வெற்றிடம். கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒரு எழுத்து. துபாய்க்குப் போனவர் in போட்டது அதைச் சமாளிக்கத்தான். strip() என்று சேர்த்தால் முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடம் உதிர்ந்துவிடும். சேர்த்தேன்.

தேசம்மாவிடம் போய் என்னால் முடிந்தவரை சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ இத்தினி நாளா வந்தது அந்தாளு இல்லியா?"

"இல்லக்கா."

புடவைத் தலைப்பால் போனைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என் நம்பர எடுத்துடாத. இனிமே வந்துச்சுன்னா அது நெசந்தானே?"

திரும்ப உள்ளே போனேன். மோடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டியலில் இருந்த எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தேன். ஸ்பேஸ் விட்டும் விடாமலும் அடித்தேன். எந்தப் பெயரை அடித்தாலும், அடித்த பெயருக்கான செய்தி மட்டுமே திரையில் வந்தது. கடைசியாக JOTHI என்று அடிக்கும்போது விரல் தயங்கியது. ஜோதி மட்டும் வந்தது.

வெளியே வந்து சொன்னேன். "நெசந்தான்க்கா."

அவர் எழுந்து போனார். பிறகு ஏகாம்பரத்துக்குக் காரியம் செய்தார்கள் என்றும், அன்றைக்கும் தேசம்மா போனைக் கையிலிருந்து இறக்கவில்லை என்றும் தாஸ் சொன்னார்.

இப்போது என்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு in, ==, strip() மூன்றையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கிறேன். படித்த உடனே புரிந்துவிடும். புரிந்ததோடு விட்டுவிட வேண்டாம். எல்லாப் பெயரையும் அடித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பும் வார்த்தையை நம்பி யாரோ ஒருவர் கரைக்கு ஓடிவருவார்.