வேலிப்பக்கம் போன காஸ்குழாய்

ஐரோப்பா முழுவதும் சுற்றலாம் என்றுதான் அந்தக் கரவனை வாங்கினேன். அது சுற்றியதென்னவோ விற்றவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரை. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சின்ன வீடு. உள்ளே கட்டில், மேசை, அலுமாரி எல்லாம் உண்டு. முதல் கோடையில் எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த கோடையில் ரயர்கள் வெடிப்பு விட்டு, காற்றுப் போய், வண்டி நிலத்தோடு குந்திவிட்டது. ஒரு பக்கம் எங்கள் சமையலறை யன்னல், மறுபக்கம் அடுத்த வீட்டையும் எங்களையும் பிரிக்கும் மரவேலி. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய பாதையில் அது அசையாமல் நின்றது. என் மனைவி அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

டென்மார்க்கில் இந்த இக்காஸ்ட் நகரத்துக்கு வந்த காலத்தில் அவள் தையல் ஆலையில் வேலை செய்தாள். நாள் முழுவதும் மேற்சட்டைகளுக்குக் கை பொருத்துகிற வேலை. ஆலையை மூடி வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது, மற்றப் பெண்கள் துப்புரவு வேலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போனார்கள். இவள் தண்ணீர்க்குழாய், காஸ்குழாய் பொருத்தும் தொழிலைப் படிக்கப்போகிறேன் என்றாள். நாற்பது வயதைத் தாண்டியவள், மீசை அரும்பாத பையன்களோடு ஒரே வகுப்பு வாங்கில் இருந்து டெனிஷில் பாடம் கேட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சான்றிதழைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

மாமி, அதாவது அவளுடைய அம்மா, எங்களோடுதான் இருந்தார். மாமியின் மூத்த மகன் ஊரில், சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தார். 2009ஆம் வருடத்தின் தொடக்கத்தில் அவருடைய தொலைபேசி அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றுவிட்டன. மே மாதத்தில் ஒருநாள், சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. மாமி அப்போது சோறு வடிக்கக் காத்துக்கொண்டு நின்றார். அரை வேக்காட்டில் இருந்த பானையை இறக்கி வைத்தார். அடுப்பை நிறுத்தினார்.

“இனி இந்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாது, பிள்ளை. உன்ர அண்ணையின்ர சேதி முதல்ல தெரியட்டும்” என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. மகன் போய்விட்டிருந்தால், அது தெரியாமல் தான் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்ட பாவம் வேண்டாம் என்பது மாமியின் நியாயம். மாமி ஒரு ஞாயிறும் தவறாமல் சபைக்குப் போகிறவர். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, இப்படியொரு வழக்கம் வேதத்தில் இல்லையே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

“வேதத்தில இல்லைத்தான் பாஸ்டர். ஊரில இருக்கு” என்றார் மாமி. பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

இதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். சபையிலிருந்து ஒரு பெண் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். மாமி அவளை வாசலிலேயே மறித்துவிட்டார்.

“ஆக்கள் சாப்பாடு கொண்டுவாறது செத்தவீட்டுக்கு. இஞ்ச ஆர் செத்தது?”

அந்தப் பெண் சட்டியோடு திரும்பிக் காருக்குள் இருந்து அழுதாள். ஆக, அடுப்பு மூட்டினால் மகனுடைய சாவை அவமதித்ததாகும். வெளிச்சோறு வாங்கினால் மகனைத் தானே சாகடித்ததாகும். மாமி இந்த இரண்டுக்கும் நடுவில் பாணும் வாழைப்பழமும் தேத்தண்ணியுமாக இருந்தார்.

எனக்குப் பொறுமை குறைவு. ஒருநாள் வெடித்துவிட்டேன். “மாமி, உது கறண்ட் அடுப்பு! உதுக்குள்ள நெருப்பே இல்லை!”

“சூடு வருகுதோ இல்லையோ, தம்பி?” என்று கேட்டார். வருகிறதுதான். தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலுக்கு அனுமதி கிடைத்தது, அது சமைப்பதில்லையாம். மைக்ரோவேவுக்குக் கிடைக்கவில்லை. டென்மார்க் பாராளுமன்றம்கூட இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் போட்டிருக்காது.

ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். சேலை இடுப்பில் நிற்கவில்லை. நானும் மனைவியும் வேலையிடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கள்ளரைப்போல வீட்டுக்கு வருவோம். ஒரு காலை, வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: “அண்ணையைக் காப்பாத்த என்னால ஏலாது. ஆனா அம்மாவையும் சேர்த்துக் குடுக்க மாட்டன்.” குரல் தாழ்ந்துதான் இருந்தது. அவள் அந்தக் குரலில் ஒன்றைச் சொன்னால் அது நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: “இஞ்சருங்கோ, உங்கட கரவன் வீடோ?”

“இல்லை, வண்டி.”

“வெளியாக்களின்ரயோ?”

“இல்லை, எங்கட.”

“அதுதான்” என்றாள்.

கரவனின் வெளிச்சுவரில் காஸ் வாய் ஒன்று இருந்தது. சுற்றுலா முகாம்களில் நிறுத்தும்போது வெளியே கிரில் அடுப்பைக் கொளுவி இறைச்சி சுடுவதற்காக வைத்தது. வண்டியின் முன்பெட்டியில் சிலிண்டர் இருக்கும். அங்கிருந்து செப்புக்குழாய் வண்டியின் தரைக்கடியால் வந்து அந்த வாயில் முடியும். அவள் புதுச் சிலிண்டர் வாங்கிவந்தாள். சட்டி வைக்கத் தனி அடுப்பும் சேர்ந்த கிரில் ஒன்றைக் கொளுவினாள். பத்தவைத்து, எண்ணெய்ச் சட்டியையும் ஏற்றிவிட்டு மாமியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தாள்.

மாமி எல்லாவற்றையும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். காஸ் வாய் வண்டியின் கதவுப்பக்கத்தில், சரியாகச் சமையலறை யன்னலுக்குக் கீழே இருந்தது. எண்ணெய்ப் புகை எழும்பி நேரே உள்ளே போனது.

“புகை வீட்டுக்கை போகுது. அப்ப இது வீட்டு அடுப்புத்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். யன்னலைப் பூட்டினால் போதும் என்றேன். பூட்டின யன்னலும் யன்னல்தான் என்றது மாமியின் முதுகு. என் மனைவி வாதாடவில்லை. அடுப்பை நிறுத்தினாள், நிலத்தில் குப்புறப் படுத்து வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

“சரி அம்மா. அங்கால மாத்திறன்” என்றாள்.

வண்டியைத் திருப்பி நிறுத்த முடியாது, ரயர் என் பாவக்கணக்கு. நீளமான றப்பர் குழாயை அடியால் இழுத்து விடேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. “எலி கடிச்சாலும் தெரியாது, ஆரும் மிதிச்சாலும் தெரியாது. இந்தக் காஸ் காத்தை விடப் பாரம். ஒழுகினா மேல போகாது, கீழ படுத்துக் கிடக்கும். அம்மா நிக்கிற இடத்தில அப்பிடி ஒரு வேலை நான் செய்யமாட்டன்.”

சனிக்கிழமை வேலை தொடங்கியது. அவள் மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில் போனாள். வெளியே தெரிந்தது அவளுடைய சப்பாத்து மட்டும்தான். அவள் கேட்டதை எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். அரைவாசி நேரம் பிழையானதைக் கொடுத்தேன். பழைய வாய்க்குப் போகும் கிளைக்குழாயை வெட்டி மூடினாள். புதுக்குழாயை ஒரு சின்னக் கருவியில் வைத்து வளைத்தாள். கைவிரலை மடக்குவதுபோல் அது மடங்கியது, எங்கும் நசுங்கவில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து, ஆடாமல் கவ்விகள் போட்டு, குறுக்கே கொண்டுபோய் வேலிப்பக்கச் சுவரால் வெளியே எடுத்தாள். பழைய ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தாள். வெள்ளையில் பூசியும் விட்டாள். யாரும் பார்க்காத தரைக்கடியில்கூட அவள் குழாய் ஒரு கோடு தவறாமல் போனது. ஆலையில் சட்டைக்குக் கை பொருத்திய காலத்திலும் அவளுடைய தையல் உட்புறத்தில் அப்படித்தான் இருக்கும்.

பிறகு சோதனை. காஸைத் திறக்குமுன் குழாய்க்குள் காற்றை அடைத்து, ஊசியுள்ள மானி ஒன்றைப் பொருத்தினாள். எங்கேயாவது ஒழுகினால் ஊசி இறங்கும். மாமி வாசற்படிவரை வந்து நின்றிருந்தார். அவள் ஒரு கதிரையைக் கொண்டுபோய் மானிக்கு முன்னால் போட்டாள்.

“அம்மா, இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. இவருக்குப் பொறுமை இல்லை.”

மாமி வந்து இருந்தார். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் அந்த ஊசியைப் பார்த்தார். இத்தனை நாளாகத் தொலைபேசியைப் பார்த்த அதே பார்வை. நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

“பிள்ளை! விழுது! விழுது!”

மாமிக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்ததையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். ஓடிவந்து பார்த்தால் ஊசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி சவர்க்கார நுரையை ஒவ்வொரு பொருத்திலும் பூசிக்கொண்டு போனாள். புதுக்குழாயில் ஒரு குமிழியும் இல்லை. பழைய கிளையை மூடிய இடத்தில் சின்னதாய் ஒன்று ஊதியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரிதானே என்றேன். அவள் அதை முழுவதுமாக வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தாள். மாமி மறுபடியும் கதிரையில் இருந்தார். இந்த முறை தேத்தண்ணி ஆறிப்போகும்வரை ஊசி அசையவில்லை.

“நிக்குது” என்றார் மாமி. தான் பொருத்தியதுபோல ஒரு பெருமை.

அன்று வேலிப்பக்கத்தில் தேங்காய் ரொட்டி சுட்டோம். புகை மரவேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குப் போனது. அந்த டெனிஷ்காரர் எட்டிப் பார்த்து நல்ல வாசனை என்றார், அவருக்கும் ஒன்று கிடைத்தது. மாமி வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, சம்பலோடு ரொட்டி சாப்பிட்டார். முடிந்ததும் தட்டை நீட்டி இன்னொன்று கேட்டார். கல்யாணத்தன்றுகூட என் மனைவியை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கவில்லை. அதை அவளிடமே சொன்னேன்.

“முதல்ல உந்த ஸ்பானரைத் துடைச்சு வையுங்கோ” என்றாள்.

கோடை முழுவதும் எங்கள் சமையலறை வேலியோரம்தான். கறி, பிட்டு, மீன் பொரியல் எல்லாம் அங்கே நடந்தது. மாமியின் சேலை மறுபடி இடுப்பில் நின்றது. சிலிண்டரை எந்தப் பக்கம் திருகித் திறப்பது, எந்தப் பக்கம் பூட்டுவது என்றும் மனைவி அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். சண்டைக்குப் பிறகு ஊரில் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தவர்களிடமிருந்து ஒவ்வொன்றாகச் செய்திகள் வந்தன. மாமியின் மகனைக் கடைசியாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. இன்றுவரை இல்லை.

குளிர் தொடங்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. குளிரில் காஸ் வராது, மாமி தானாக இறங்கி வருவார், நாங்களும் மனிசர்போல வீட்டுக்குள் சமைப்போம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“பியூட்டேன் எண்டா நிண்டிடும். நான் வாங்கினது புரொப்பேன். டென்மார்க் குளிர் அதுக்குக் காணாது.”

“தெரிஞ்சுகொண்டோ வாங்கினனீர்?”

“ஓம். குளிர் வந்து அம்மாவை வெருட்டக் கூடாது. அம்மாவே சொல்லட்டும்.”

கோடை தொடங்கும்போதே, ரொட்டி சுடுவதற்கு முதலே, அவள் மார்கழியை யோசித்திருக்கிறாள். நான் கரவன் வாங்கும்போது அடுத்த கோடையைக்கூட யோசிக்கவில்லை.

பனி கொட்டிய நாட்களில் மாமியை வெளியே வர விடவில்லை. சாப்பாட்டை மூடிக்கொண்டு உள்ளே கொண்டுபோய்க் கொடுப்போம். அடுப்பு கரவனுக்கு மறுபக்கம் இருந்ததால், யன்னலில் நின்றால் மாமிக்கு வண்டியின் கூரைக்கு மேலே எழும்பும் ஆவி மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஒருநாள் பின்னேரம், மனைவி வேலையால் வந்து உடுப்பும் மாற்றாமல் கோழிக்கறி வைத்தாள். பனி அவளுடைய கணுக்காலுக்கு மேலே நின்றது. நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில். குடை சட்டிக்குத்தான் பிடிக்கவேண்டும், தனக்கல்ல என்பது அவளுடைய கட்டளை. கறி அரைவாசி அவிந்திருந்தது. உப்புப் போத்தலை உள்ளே மறந்துவிட்டு வந்திருந்தோம். அதை எடுத்துக்கொண்டு, சால்வையைத் தலையில் போட்டபடி, மாமி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

வந்தவர் அப்படியே நின்றார். மகளின் தோளில், தலைத்தொப்பியில், கரண்டி பிடித்த கையில் எல்லாம் பனி. மூக்கு சிவந்திருந்தது. அவள் வழக்கம்போல, “உப்போ? தாங்கோ அம்மா” என்று கையை நீட்டினாள்.

மாமி உப்பைக் கொடுக்கவில்லை. முன்பெட்டிக்குப் போய் மூடியைத் திறந்து, சிலிண்டரைத் திருகிப் பூட்டினார். சுவாலை சின்னதாகி அணைந்தது. சால்வைத் தலைப்பால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். நாங்கள் பனிச்சப்பாத்தோடு பின்னால் ஓடினோம். சட்டி கறண்ட் அடுப்பில் இருந்தது. மாமி திருகியைத் திருப்பிவிட்டு, அது சூடாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, அண்ணை...” என்றாள் என் மனைவி.

“அவன் வந்து கேக்கட்டும்” என்றார் மாமி. உப்பை அள்ளிக் கறியில் போட்டார். “உன்ர தங்கச்சி எனக்காகப் பனிக்கை நிண்டவள் எண்டு நான் சொல்லிக்கொள்ளுறன்.”