சத்தத்தில் அடங்கும் இதயம்

மூச்சை அடக்கு, மனத்தை அடக்கு என்று முனிவர்கள் பல்லாண்டு முயன்றதைப் பத்து நிமிடத்தில் செய்யச் சொல்வதுதான் இதய சி.டி. ஸ்கேன் எடுக்கும் எங்கள் தொழில். பொதுமக்களோடு மல்லாடும் சக ஜீவன்களே, உப்பளம் பகுதிக் கோவிந்தசாமியைப் பற்றிக் கேளுங்கள்.

வெறும் வயிறு

எழுபத்துநான்கு வயது. மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர். இதய வால்வு சுருங்கிவிட்டது. புது வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோக முடியுமா, நெஞ்சைத் திறக்க வேண்டுமா என்பதை எங்கள் படம்தான் சொல்ல வேண்டும். திறப்பதென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்று அவர் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட்டார்.

வெறும் வயிற்றோடு வர வேண்டும், நாடியை ஏற்றும் டீ, காபி கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் சட்டையில் டீக்கறை. கேட்டேன். ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றிருக்கிறார். காத்திருக்க வேண்டும் என்றதும் நிதானமாகச் சொன்னார்: "டீ நான் குடிக்கலை தம்பி. ரொட்டிதான் குடிச்சுது."

அமைதி

மதியம் படுக்க வைத்தோம். ஏ.சி., மங்கலான வெளிச்சம், மூடிய கதவு. நாடி தொண்ணூற்றாறு. வேகமாகத் துடிக்கும் இதயம், ஆடிய போட்டோபோல் கலங்கித்தான் விழும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இவருக்கு வேண்டாம் என்பது டாக்டர் உத்தரவு.

"ஐயா, இங்க ஒரு சத்தமும் இல்லை பாருங்க" என்றேன். நூற்றிரண்டு. மௌனத்தின் மேன்மை பற்றிப் படித்ததையெல்லாம் மெல்லிய குரலில் எடுத்துச் சொன்னேன். நூற்றெட்டு. அவர் மனைவி ராஜம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்: "மில்லுல சத்தம் நின்னா தறி ரிப்பேருன்னு அர்த்தம். நீ அமைதி அமைதின்னா அவருக்குப் பதறாம என்ன செய்யும்?"

பேரிங்

கதிர்வீச்சு இல்லாமல் ஸ்கேன் வளையத்தை மட்டும் சுழல விட்டேன். கடகடவென்று இரைந்தது. எண்பது. எழுபத்தொன்று. அறுபத்துமூன்று. ஊசி மருந்து ஏறும்போது அடிவயிறு சூடாகும், சிறுநீர் போய்விட்டதுபோல் இருக்கும், போயிருக்காது என்று நான் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வளையத்தையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கச் சொன்னேன், அடக்கினார். படம் கண்ணாடிபோல் விழுந்தது. வெளியே வந்ததும், "உள்ள ஒரு பேரிங் தேயுது, பாரு" என்றார். சிரித்து அனுப்பினேன்.

மறுவாரம் மெஷினைப் பார்க்க வந்த இன்ஜினியர், வளையத்தைச் சுழற்றும் பேரிங் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றே கோவிந்தசாமி ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிரித்துப் போட்டிருந்த மெஷினைப் பரிவோடு பார்த்தார்: "எனக்குத் தொடை வழியாவே போதுமாம். பாவம், இதுக்குத்தான் நெஞ்சைத் திறக்க வேண்டியதாப் போச்சு."

இப்போது எங்கள் படிவத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா என்ற கேள்விகளுக்குக் கீழே 'பார்த்த வேலை' என்று ஒரு வரியைப் பேனாவால் நானே எழுதிச் சேர்த்துக்கொள்கிறேன்.